முடிவுத்தாளைக் கீழிருந்து படிப்போம்

(லிங்கியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மாதிரி மேடைகளில் இலக்கியம் பேசுவதே வழக்கம். நான் எஸ்.பி.எம். தேர்வை, அதாவது ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வைப் பற்றிப் பேசப்போகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக் கோப்பிலும் அந்த முடிவுத்தாள் ஒன்று இருக்கிறது, அல்லது இன்னும் சில ஆண்டுகளில் வந்து சேரும். அதில் இருக்கும் எழுத்துகளை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானிக்கிறோம். ஆனால் அந்த எழுத்து எப்படி வந்தது, யார் போட்டது, எதற்கு எவ்வளவு செல்லும் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. பல ஆண்டுகள் இடைநிலைப்பள்ளி ஆசிரியனாக இருந்தவன் நான். முடிவு வரும் நாளில் பெற்றோர்கள் முதலில் கேட்கும் கேள்வி எத்தனை ஏ என்பதுதான். தோட்டத்துப் பிள்ளையின் வாழ்க்கை பெரும்பாலும் ஏ-யில் நிற்பதில்லை. அது அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் நிற்கிறது. இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் இந்தத் தேர்வின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் நாட்டுப் பள்ளித் தேர்வு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 1891-லேயே நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் கேம்பிரிட்ஜ் தேர்வு நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் கங்காணி வழியாகக் காப்பி, கரும்புத் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தேர்வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் முதலாளி ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படி எழுந்ததுதான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்குமேல் பால்மரம் வெட்டப் போகட்டும் என்ற கணக்கில் கட்டப்பட்ட பள்ளி அது. அங்கிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பாதையை நாம்தான் பிறகு போட்டோம்.

1956-இல் தேர்வு வாரியம் தொடங்கியது. ஆங்கில வழியில் படித்தவர்கள் எம்.சி.இ. எழுதினார்கள், மலாய் வழியில் படித்தவர்கள் எஸ்.பி.எம். எழுதினார்கள். 1980 முதல் எல்லோருக்கும் ஒரே எஸ்.பி.எம். என்றானது. இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். அப்போது சான்றிதழ் மொத்தமாக வரும். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை. பாடவாரிப் புள்ளிகளைக் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 1970-களில் மலாய் மொழியில் தேறாவிட்டால் மற்ற பாடங்களில் என்ன வாங்கியிருந்தாலும் முழுத் தேர்வும் தோல்விதான். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரனாக இருந்தும், அந்த ஒரு பாடத்தால் சான்றிதழ் இல்லாமல் மறுபடி தோட்டத்துக்கே திரும்பியவர்கள் நம் சமூகத்தில் கொஞ்சம் பேர் அல்ல. அந்தக் காயத்தின் தழும்பு பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது.

2000-இல் அந்த முறை போனது. நிலை என்பது ஒழிந்து திறந்த சான்றிதழ் வந்தது. எந்தப் பாடத்தில் என்ன வாங்கினாயோ அது மட்டும் பதிவாகும். 1ஏ, 2ஏ, 3பி, 4பி என்று போய் 9ஜி-யில் முடியும் ஒன்பது படிகள். இதனால் நன்மையும் வந்தது, ஒரு பந்தயமும் தொடங்கியது. எத்தனை பாடம் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் ஏ-க்களை அடுக்கும் போட்டி கிளம்பியது. 2004-ஆம் ஆண்டுத் தேர்வில் நூர் அமாலினா என்ற மாணவி 17 பாடங்களில் 1ஏ வாங்கினார். 2008-இல் நிக் நூர் மடிஹா 20 பாடங்கள் எழுதினார். மடிஹா எளிய குடும்பத்துப் பிள்ளை. இருவரின் உழைப்பையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நாடு முழுக்கப் பெற்றோர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளை அளக்கத் தொடங்கினார்கள்.

2009-இல் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. படிகள் பத்தாயின: ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி பிளஸ், சி, டி, ஈ, ஜி. இன்றும் இதுதான். இன்னொரு மாற்றம், 2010 முதல் ஒரு மாணவர் 10 பாடங்களுக்கு மேல் எழுதக்கூடாது என்ற அறிவிப்பு. அது நமக்கு எப்படி வந்து விழுந்தது என்பதை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அறிவியல் பிரிவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி ஆகிய ஐந்தும் கட்டாயம். கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று நான்கு சேர்ந்தால் ஒன்பது. பத்தாவதாகத் தமிழ்மொழியை எடுத்தால் கதவு மூடிவிடும். தமிழ் இலக்கியம் வெளியே நிற்கும். நம் ஆசிரியர்களும் அமைப்புகளும் பத்திரிகைகளும் அந்த ஆண்டு ஒரே குரலில் எழுந்தன. 2009 இறுதியில் அமைச்சரவை இறங்கிவந்து பத்தோடு இரண்டு, ஆக 12 வரை எழுதலாம் என்றது. நம் சமூகம் ஒரு தேர்வு விதியைப் படித்துப் பார்த்து, கணக்குப் போட்டு, கேட்டு வாங்கிய வெற்றி அது. அதை நாம் போதுமான அளவு நினைவில் வைக்கவில்லை என்பது என் ஆதங்கம். அந்த இரண்டு இடங்களுக்காகப் போராடிய ஆசிரியர்களில் பலர் ஊதியம் வாங்காமல் சனி ஞாயிறுகளில் இலக்கிய வகுப்பு நடத்தியவர்கள்.

2013-இல் மலாய் மொழியோடு வரலாறும் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாயிற்று. ஆங்கிலத்தையும் 2016 முதல் அப்படியாக்கத் திட்டமிட்டு, பிறகு ஒத்திவைத்தார்கள். ஆக இன்றைய சட்டம் இதுதான். மலாய் மொழி, வரலாறு இரண்டிலும் குறைந்தது ஈ வாங்கினால்தான் சான்றிதழ். ஏழு பாடத்தில் ஏ வாங்கிய பிள்ளை வரலாற்றில் ஜி வாங்கினால் கையில் முடிவு அறிக்கை மட்டும் இருக்கும், சான்றிதழ் இருக்காது. முடிவுத்தாளைக் கீழிருந்து படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இங்கே தொடங்குகிறது.

சரி, அந்த எழுத்து எப்படி உண்டாகிறது?

தேர்வு அறையில் மேற்பார்வை செய்பவர்கள் வேறு பள்ளி ஆசிரியர்கள். பிள்ளை தாளில் பெயர் எழுதாது. அடையாள அட்டை எண்ணும் தேர்வு எண்ணும் மட்டும் இருக்கும். பல்தேர்வு விடைகளை இயந்திரம் படிக்கும். எழுத்துத் தாள்கள் வாரியம் நியமித்த ஆசிரியர்களிடம் போகும். அவர்கள் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து தோன்றியபடி திருத்துவதில்லை. முதலில் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கும். மாதிரி விடைத்தாள்களை எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்துவார்கள். ஒரு கட்டுரைக்கு ஒருவர் அதிகமாகவும் இன்னொருவர் குறைவாகவும் போட்டிருந்தால் ஏன் என்று பேசி ஒரே அளவுக்கு வருவார்கள். அதன்பிறகே கட்டுகள் பிரியும். குழுத் தலைவர் அவ்வப்போது சில தாள்களை எடுத்துத் திரும்பத் திருத்திப் பார்ப்பார். தோட்டத்துப் பிள்ளை என்பதால் குறைத்துப் போடுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். திருத்துபவருக்குப் பிள்ளை யார், எந்த இனம் என்று தெரியாது.

கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரைக்கு மதிப்பெண் வாக்கியத்துக்கு வாக்கியம் கூட்டிப் போடப்படுவதில்லை. முழுவதையும் படித்து அது எந்தத் தரத்தில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்வார்கள். பிறகு அந்தத் தரத்துக்குள் மேலா, நடுவா, கீழா என்று பார்ப்பார்கள். மனப்பாடம் செய்த பழமொழிகளையும் அடுக்குத் தொடர்களையும் தூவிய கட்டுரை நடுத்தரத்தைத் தாண்டாமல் நிற்பதும், சொந்தமாக யோசித்து எளிய வாக்கியத்தில் எழுதியது மேலே ஏறுவதும் இதனால்தான். உயர்நிலைச் சிந்தனை வினாக்கள், அதாவது பிள்ளைகள் கேபாட் என்று சொல்லும் வினாக்கள் கூடிக்கொண்டே வந்திருக்கும் காலம் இது. வரலாற்றில் ஆண்டையும் பெயரையும் ஒப்பித்தால் பாதி வழிதான் போக முடியும். ஏன் நடந்தது, நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் மலாய் மொழியை மனப்பாடத்தால் கடந்து வந்த பிள்ளை இந்தக் கேள்விகளுக்கு முன்னால் தடுமாறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வரலாற்றில் விழும் பல ஜி-க்கள் வரலாறு தெரியாததால் விழுவதில்லை. தெரிந்ததை மலாயில் எழுத வராததால் விழுகின்றன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திருத்தி முடித்ததும் ஒவ்வொரு பாடத்துக்கும் பல தாள்களின் மதிப்பெண் சேர்கிறது. மலாய் மொழியில் எழுத்து, கருத்துணர்தல், பேச்சு, கேட்டல் என்று நான்கு. அறிவியல் பாடங்களில் செய்முறைத் தேர்வு உண்டு. இவை கூடி ஒரு மொத்தம் வரும். அந்த மொத்தம் ஏ-யா பி-யா என்பதை எது முடிவு செய்கிறது?

பள்ளிகளில் தொங்கும் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். 90-க்கு மேல் ஏ பிளஸ், 80-க்கு மேல் ஏ, 70-க்கு மேல் ஏ மைனஸ், 50-இல் சி, 40-இல் ஈ. அது பள்ளிச் சோதனைகளுக்கான அட்டவணை. அரசுத் தேர்வில் அப்படி நிலையான கோடு இல்லை. ஓராண்டு வினாத்தாள் கடினமாக இருக்கும், மறுஆண்டு இளகும். அதனால் திருத்தி முடித்த பிறகுதான், பாடத்துக்குப் பாடம், ஏ எங்கே முடிகிறது, ஈ எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுகிறார்கள். கூடுதல் கணிதத்தில் சோதனைத் தேர்வில் 30 வாங்கி அழுத பிள்ளை எஸ்.பி.எம்.-இல் தேறிவிடுவதும், வேறொரு பாடத்தில் 85 எதிர்பார்த்த பிள்ளைக்கு ஏ மைனஸ் வருவதும் இதனால் நடக்கக்கூடியவை. இப்படிக் கோடு போடுவதை நான் தவறென்று சொல்லவில்லை. கடினமான தாளை எழுதிய ஆண்டுப் பிள்ளைகள் இளகிய தாளை எழுதியவர்களிடம் தோற்றுவிடாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

என் குறை வேறு. அந்தக் கோடு எங்கே போடப்பட்டது என்று நமக்குச் சொல்வதில்லை. பிள்ளைக்கு மதிப்பெண் தெரியாது, எழுத்து மட்டும் தெரியும். தோட்டத்தில் நாம் பார்த்த கதைதான் இது. ரப்பர்ப் பால் ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், மெட்ரோலாக் என்ற அளவைக் கருவியைப் பாலில் இறக்கி ஓர் எண்ணைப் படித்து ஏட்டில் எழுதுவார். அந்த எண்ணை வைத்துத்தான் வெட்டுக்காரருக்குக் கூலி. பாலில் ரப்பர் எவ்வளவு என்பதை அந்தக் கருவி சரியாகவே காட்டியிருக்கலாம். ஆனாலும் நம் அம்மாமார் வாளியை இறக்கிவிட்டு, எட்டிப் பார்க்க முடியாத ஏட்டை நம்பி வீடு திரும்பினார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் தேர்வு விஷயத்தில் அதே இடத்தில் நிற்கிறார்கள். இந்தத் தேர்வின் தாய்வீடான கேம்பிரிட்ஜ் இன்று ஒவ்வொரு தேர்வுக்கும் எந்தக் கிரேடுக்கு எத்தனை மதிப்பெண் தேவைப்பட்டது என்பதை வெளிப்படையாக வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கட்டணம் கட்டித் தம் விடைத்தாளின் நகலையே வாங்கிப் பார்க்கலாம். நம் பிள்ளைக்கு முடிவு வந்த 30 நாளுக்குள் மறுபார்வைக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. ஆனால் தன் மொத்தம் கோட்டுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்று தெரியாமல் ஒரு பிள்ளை எப்படி முடிவு செய்யும், விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எல்லாப் பாடத்துக்கும் விண்ணப்பித்துப் பார்க்கும். தோட்டத்துப் பிள்ளை எதற்கும் விண்ணப்பிக்காது. கல்வி அமைச்சு அந்தக் கோடுகளை வெளியிட வேண்டும். இதை நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு மதிப்பெண்ணைக் காட்டுவதால் அங்கே வேறொரு நோய் இருந்தது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று படம் போட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின. 2017-இல் அந்த மாநில அரசு தரவரிசை அறிவிப்பையே நிறுத்தியது. இலங்கையில் உயர்தரத் தேர்வில் 2001 முதல் இசட் புள்ளி என்ற கணக்கு வைத்துப் பல்கலைக்கழக இடம் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் எதையாவது காட்டி எதையாவது மறைக்கிறது.

நம் முடிவுத்தாளை இப்போது கையில் எடுப்போம். ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, மலாயில் போதிய தேர்ச்சி இல்லாததால் புகுமுக வகுப்பில் ஓராண்டு, ஆக 18 வயதில் எஸ்.பி.எம். எழுதிய பையன். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. தாளில் இப்படி இருக்கிறது: மலாய் மொழி சி, ஆங்கிலம் ஈ, வரலாறு டி, கணிதம் ஈ, அறிவியல் டி, நன்னெறிக் கல்வி பி, தமிழ்மொழி பி பிளஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் மலாயில் ஒரு சொல் இருக்கும். ஏ பிளஸுக்கு செமர்லாங் தெர்திங்கி, சி-க்கு கெப்புஜியான், டி-க்கு லூலூஸ் அத்தாஸ், ஈ-க்கு லூலூஸ், ஜி-க்கு காகால். இந்தத் தாளைப் பார்த்ததும் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஏ கூட இல்லை, படிச்சது போதும், பெக்டரிக்குப் போ. அன்று மாலையே அவன் மாமா சிரம்பானில் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்துவிடுவார்.

நான் சொல்வது போலக் கீழிருந்து படியுங்கள். ஜி இருக்கிறதா? இல்லை. மலாயிலும் வரலாற்றிலும் தேறியிருக்கிறானா? ஆம். எனவே சான்றிதழ் உண்டு. அடுத்துத் தேட வேண்டியது சி என்ற கோடு. சி-யும் அதற்கு மேலும் வந்தால் நாம் கிரெடிட் என்கிறோம். இவனுக்கு எத்தனை கிரெடிட்? மலாய், நன்னெறி, தமிழ், ஆக மூன்று. இந்த நாட்டில் டிப்ளோமா படிப்புகளுக்கு அடிப்படைத் தகுதி மூன்று கிரெடிட். துறைக்கேற்ப வேறு நிபந்தனைகள் கூடும், அதை விசாரிக்க வேண்டும். ஆனால் கதவு மூடவில்லை. அரசு வேலைக்கு மலாய் மொழியில் கிரெடிட் கேட்பார்கள். அதுவும் இவனிடம் இருக்கிறது. அந்த சி-யின் மதிப்பு பல வீடுகளில் தெரிவதே இல்லை. பட்டம் முடித்துவிட்டு அரசு வேலைக்குப் போனபோது எஸ்.பி.எம். மலாயில் கிரெடிட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது அந்தத் தமிழ்மொழியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கிரெடிட் இரண்டாகிவிடுகிறது. டிப்ளோமாக் கதவு மூடிக்கொள்கிறது. சராசரியையும் கணக்கிடலாம். ஏ பிளஸுக்குப் பூஜ்யம், ஏ-க்கு ஒன்று என்று போய் ஜி-க்கு ஒன்பது. எண் குறையக் குறைய நல்லது. இவனுடைய ஏழு பாடத்துக்கும் 43, ஏழால் வகுத்தால் 6.14. தமிழ் இல்லாமல் ஆறு பாடத்துக்கு 40, சராசரி 6.67. தமிழ் அவனைத் தூக்கிவிட்டிருக்கிறது. நாட்டின் சராசரியை இதே முறையில்தான் கணக்கிட்டு அறிவிக்கிறார்கள். 2021-இல் 4.86, 2022-இல் 4.74, 2023-இல் 4.60, 2024-இல் 4.49. எண் இறங்குவதைப் பார்த்துத் தரம் இறங்குகிறது என்று பதறாதீர்கள், ஏறிக்கொண்டிருக்கிறது.

தமிழ் எடுத்தால் ஏ கிடைக்காது, அது மற்ற ஏ-க்களையும் கெடுத்துவிடும் என்ற பேச்சு நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. சில பள்ளிகளிலும் சராசரி குறையும் என்ற பயத்தில் பிள்ளைகளை மெல்ல விலக்கிவிடுகிறார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கக்கூடிய பிள்ளையின் பெற்றோருக்கு அந்தப் பயம் வருவதை நான் புரிந்துகொள்கிறேன். 10 ஏ எடுத்த எல்லா மாணவருக்கும் இன வேறுபாடின்றி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் வகுப்பில் இடம் என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். 2025-இல் அந்தப் பத்தில் ஏ மைனஸ் சேருமா சேராதா என்பதே பெரிய விவாதமானது. கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் எத்தனை பேர் அவர்கள்? 2024 தேர்வை எழுதிய ஏறக்குறைய 4 லட்சம் பேரில் எல்லாப் பாடத்திலும் ஏ வகை வாங்கியவர்கள் 14,179 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அந்தச் சிறு கூட்டத்தின் பயத்தை இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும்? அவர்களில் பலருக்கு நம்பிக்கையான கிரெடிட்டே தமிழ்தான்.

சராசரி ஏறுவதைப் பற்றி அமைச்சு பேசும்போது இன்னொரு கூட்டத்தையும் நாம் மறக்கக்கூடாது. பெயர் பதிந்தும் தேர்வுக்கு வராதவர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சராசரியிலும் வரமாட்டார்கள். முடிவு வரும் நாளில் படம் எடுக்கும் வரிசையிலும் நிற்கமாட்டார்கள். ஐந்தாம் படிவம் தொடங்கியதிலிருந்தே பகுதிநேர வேலை, பிறகு முழுநேர வேலை, பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள், பிறகு அதுவும் இல்லை. பிள்ளை தோல்வியடைந்தால் ஊர் பேசும் என்று பயப்படுகிறோம். வராமலே போனால் யாரும் பேசுவதில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது. உங்கள் வரிசை வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தேர்வு அட்டவணையை வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தக் காலையில் போய்க் கதவைத் தட்டுங்கள். மோட்டார் சைக்கிள் இல்லை என்றால் நீங்கள் கொண்டுபோய் விடுங்கள்.

மலாயிலோ வரலாற்றிலோ ஜி வாங்கிய பிள்ளைக்கு மறுதேர்வு இருக்கிறது. எஸ்.பி.எம். உலாங்கான் என்பார்கள். ஆண்டு நடுவில் நடத்தப்படும் தேர்வு அது. எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுதத் தேவையில்லை, விழுந்த பாடத்தை எழுதினால் போதும். பதிவுக்கென ஒரு காலக்கெடு உண்டு. முடிவு வந்த வாரத்திலேயே பள்ளியில் போய்க் கேளுங்கள். வேலைக்குப் போய்விட்ட பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள்.

தமிழுக்கு வருகிறேன். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக வருவதில்லை. 1996 கல்விச் சட்டம் சொல்வது, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அந்த வகுப்புக்கு வழி செய்ய வேண்டும் என்பது. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, நம் குடும்பங்கள் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் கிள்ளானுக்கும் கலைந்துபோன பிறகு, இங்குள்ள ஒரு பள்ளியில் 15 என்பது பெரிய எண்தான். ஆனால் முதல் படிவம் தொடங்கி ஐந்தாம் படிவம் வரை எல்லா வகுப்பையும் சேர்த்து எண்ணினால் எட்டக்கூடிய எண். ஜனவரியில் கேட்டால் ஆசிரியர் இல்லை என்பார்கள். முந்தைய பள்ளி ஆண்டு முடிவதற்குள் கேட்டுவிடுங்கள். பெற்றோர் பெயர், பிள்ளை பெயர், வகுப்பு, கையெழுத்து. மலாயில் ஒரு பக்கம் போதும். தலைமையாசிரியரிடம் கொடுத்து, ஒரு பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படிவம் முடிந்து பாடம் தேர்ந்தெடுக்கும்போது தமிழ்மொழி உட்பட விரும்பும் பாடங்களுக்குக் குறியிடச் சொல்லி ஒரு படிவம் வீட்டுக்கு வரும். அதில் பிள்ளை என்ன போடுகிறது என்று நீங்களே பாருங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.